குறுக்குக் காஜா

ஒரு சட்டையைப் பார்த்து முடிக்க அவளுக்கு முப்பது விநாடி போதும். காலரில் தொடங்குவாள். காலரின் இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து அளவு சரியா என்று பார்ப்பாள். பிறகு இடது தோள், இடது கை, கஃப். அங்கிருந்து அக்குள் வழியாகக் கீழே இறங்கி ஓரத் தையல். திருப்பிப் போட்டு முதுகு. மறுபடி திருப்பி வலது பக்கம், அதே வழியில் மேலே. கடைசியாக முன்பக்கம். இடது கையால் பட்டன் பட்டியின் அடிமுனையைப் பிடித்து, வலது கையால் காலரடியைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, மேலிருந்து கீழே ஒரே பார்வை. தையல் விட்டுப்போன இடம், நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, கோணல் பை என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஸ்டிக்கர் ஒட்டிய சட்டை வலது பக்கக் கூடைக்குப் போகும். கூடைக்குப் போன சட்டையைத் தைத்தவளுக்கு அன்றைய பொழுது நாசம்.

ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. பத்தொன்பது வருடம். அந்தத் தையல் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எல்லோருக்கும் அவள் ஊசிக்கண். நேரில் ‘ஊசிக்கண் அக்கா’. முதுகுக்குப் பின்னால் வெறும் ஊசிக்கண். கூடை நிரம்பிய நாட்களில் அதற்கு முன்னால் வேறு ஒரு வார்த்தையும் சேரும்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் பிசிறு வெட்டுகிறவளாகச் சேர்ந்தாள். சின்னக் கத்தரியோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, முடிந்த சட்டைகளில் தொங்கும் நூல்களை வெட்ட வேண்டும். மற்றவர்கள் வெட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். இவள் கூடையில் விழுந்த சட்டைகளை எடுத்து எடுத்துப் பார்த்தாள். இது ஏன் விழுந்தது, அது ஏன் விழவில்லை என்று மூன்று வருடம் பார்த்தாள். அப்போதிருந்த செக்கர் திடீரென்று வேலையை விட்டபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை உட்காரட்டும் என்று இவளை உட்காரவைத்தார்கள். வேறு ஆளைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

இடையில் ஒரு கல்யாணமும் நடந்தது. போன இடத்தில் பதினோரு மாதம் இருந்தாள். மாமியார் துணி காயப்போடும் விதத்தைப் பற்றி இவள் ஒரு வார்த்தை சொன்னாள். மாமனார் கதவைச் சாத்தும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணவன் சாப்பிடும்போது எழுப்பும் சத்தத்தைப் பற்றி நிறைய வார்த்தைகள். பன்னிரண்டாவது மாதம் பெட்டியோடு திரும்பி வந்தாள். யாரும் கூப்பிட வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த டேபிள்தான். ஆறடி நீளம், வெள்ளை சன்மைக்கா, தலைக்கு மேல் இரண்டு குழல் விளக்கு. அங்கே உட்கார்ந்திருக்கும்வரை அவள் சொல்வதை ஐம்பது பேர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பார்ப்பது அவளுக்கு எட்டு மணி நேரத்தோடு முடிகிற வேலையல்ல. பஸ்ஸில், கடையில், படிக்கட்டில், எங்கே போனாலும் அவள் கண் எதையாவது பிடித்துக்கொள்ளும். பிடித்ததை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பாடமாக்கிப் பரிமாறுவாள்.

“இன்னைக்கு பஸ்ல ஒரு ஆளைப் பாத்தேன்” என்று ஆரம்பிப்பாள்.

“போச்சு” என்பார் அயர்ன்காரர். ஐம்பத்தைந்து வயது. நாள் முழுக்க நீராவிப் பெட்டியோடு நிற்பதால் முகம் எப்போதும் வெந்தது மாதிரி இருக்கும். “இனிமே சோறு இறங்கின மாதிரிதான்.”

“ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே எழுந்து, எல்லாரு காலையும் மிதிச்சுக்கிட்டு கதவுகிட்ட போயி நின்னான். கடைசியில முதல்ல இறங்கினது யாரு? அவனுக்குப் பின்னாடி இருந்த நானு. இதுலருந்து என்ன தெரியுது?”

“நீங்க அவன் காலை மிதிச்சுட்டு இறங்குனீங்கன்னு தெரியுது.”

சுற்றியிருந்தவர்கள் டிபன் பாக்ஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஊசிக்கண் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பாடம் எப்போதும் மற்றவர்களுக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

வீட்டில் இந்தப் பாடங்களைக் கேட்க இரண்டே பேர்: தம்பியும் தம்பி மனைவியும். இரண்டு அறை வீடு. முன்னறையில் ஊசிக்கண்ணின் கட்டில். தம்பி பார்சல் வண்டி ஓட்டுகிறான். சத்தம் வந்தால் நழுவிவிடுவது அவனுக்குக் கைவந்த கலை. தம்பி மனைவிக்கு அதே கம்பெனியில் வேலை வாங்கிக்கொடுத்தவள் ஊசிக்கண்தான். அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். தம்பி மனைவி காஜா மிஷினில் உட்கார்ந்தாள். சட்டையில் பட்டன் நுழையும் ஓட்டையைத் தைத்து வெட்டுகிற மிஷின். அதனால் அங்கே அவளுக்குக் காஜா என்று பெயர் விழுந்தது.

ஊசிக்கண் ஸ்டிக்கர்களை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். சரியாகக் கழுவாத டம்ளரில் ஒரு சிவப்பு அம்பு. முழுதாகச் சாத்தாத அலமாரியில் ஒன்று. அணைக்காத சுவிட்சில் ஒன்று. ஒருநாள் தம்பியின் முதுகில், சட்டைச் சுருக்கத்தைக் காட்டி ஒன்று. அவன் அதோடு நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்தான். தம்பி மனைவி எல்லா ஸ்டிக்கர்களையும் உரித்தெடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஊசிக்கண் தலை வாரும் உயரத்துக்கு ஒட்டிவைத்தாள். மறுநாள் காலையில் ஊசிக்கண் சீப்போடு கண்ணாடி முன்னால் போய் நின்றபோது, பதினான்கு அம்புகள் நாலாபக்கமிருந்தும் அவள் முகத்தைக் காட்டின.

“இது யாரு பண்ண வேலை?”

“தப்பு இருக்கிற இடத்துலதானே அண்ணி ஒட்டணும்? நீங்கதான் சொன்னீங்க” என்றாள் தம்பி மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சண்டைக்கு எண்ணெய் ஊற்ற ஒரு புது மேனேஜர் வந்து சேர்ந்தார். வயது முப்பதுக்குள். காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, “நமக்கு நாமே ஒரு கைதட்டல்!” என்பார். அவருக்குக் கைதட்டல் என்று பெயர் வைக்க அயர்ன்காரருக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. ஊசிக்கண்ணின் பாடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். சாப்பாட்டு அறை வாசலில் ஒரு கரும்பலகை வந்தது. மேலே வெள்ளை பெயிண்டில் ‘இன்று கண்டது, இன்று கற்றது’ என்று எழுதியிருந்தது.

“தினமும் ஒண்ணு எழுதுங்கக்கா. நம்ம வளர்ச்சி நம்ம கண்ணுலதான் இருக்கு.”

“அவங்க கண்ணுல இருக்கிறது எங்க அழிவு” என்றார் அயர்ன்காரர், மேனேஜர் காதில் விழாதபடி.

முதல் வாரம் குழாயைச் சரியாக மூடாதவர்களுக்குப் போனது. இரண்டாவது வாரம், டீ குடித்த கிளாஸை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிற அயர்ன்காரருக்கு. பெயர் எழுத மாட்டாள்; எழுத வேண்டிய தேவையும் இருக்காது. மூன்றாவது வாரம் பலகையில் இப்படி இருந்தது: ‘கண்டது: ஒரு பெண் பாத்திரம் தேய்க்கிறாள். உள்பக்கம் பளபளப்பு, அடிப்பக்கம் கரி. கற்றது: கேட்பார் இல்லாத இடத்தில் ஒருத்தி எப்படி இருக்கிறாளோ, அதுதான் அவள்.’

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐம்பது பேரும் காஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. ஊசிக்கண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் தம்பி மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரும் ஊசிக்கண்ணும் சேர்ந்து கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து சட்டைகள் திரும்பி வந்தன.

ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒரு லாரி நிறைய பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஆயிரத்து நூற்று நாற்பது சட்டை. இரண்டு தடவை துவைத்த ஒரு சட்டையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். அந்தச் சட்டையின் முன்பட்டியில் ஏழு காஜாக்கள். மேலே ஆறும் நின்றவாக்கில் இருக்கும். அடியில் உள்ள ஏழாவது மட்டும் படுத்திருக்கும். உட்காரும்போது துணி இழுத்தாலும் பட்டன் கழன்றுவிடாமல் இருக்க அப்படித் தைப்பார்கள். அதற்குக் குறுக்குக் காஜா என்று பெயர். அதற்குத் தனி மிஷின், அதற்கு ஒரே ஆள், அது தம்பி மனைவி. துவைத்த சட்டையில் அந்தக் குறுக்குக் காஜாவின் ஒரு முனை அறுந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மிஷின் கத்தி ஒரு நூல் அளவு நகர்ந்து, காஜாவின் முனையில் இருக்கும் கட்டுத்தையலையும் சேர்த்து வெட்டியிருக்கிறது. எல்லாச் சட்டையிலும் இல்லை. கத்தி ஆடிய சட்டைகளில் மட்டும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

“இது எப்படிக்கா உங்க டேபிள் தாண்டிச்சு?” என்றார் கைதட்டல். அன்றைக்கு அவர் கை ஒன்றையொன்று தொடவே இல்லை.

“நான் பாக்கும்போது இப்படி இல்ல சார்” என்றாள் ஊசிக்கண். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். “இருந்திருந்தா அம்பு விழுந்திருக்கும். துவைச்சப்புறம் வந்திருக்கும்.”

மெக்கானிக் துவைக்காத சட்டை ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்துக் காட்டினார். வெட்டு அதிலும் தெளிவாகத் தெரிந்தது.

“சரி. யாரு தப்பு, எப்படி நடந்ததுன்னு நீங்களே எழுதிக் கொடுங்க. நாளைக்குக் காலையில எனக்கு வேணும். ஒண்ணு அந்த மிஷின்ல ஆளு மாறணும், இல்ல இந்த டேபிள்ல ஆளு மாறணும்.”

எழுத வேண்டியது என்ன என்பதில் ஊசிக்கண்ணுக்குக் குழப்பமே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சுவரை விட்டு அவளைப் பார்த்துப் பேசினாள்.

“என் பேரைத்தானே எழுதப்போறீங்க? எழுதுங்க. கத்தி நகர்ந்தது எனக்கு முதல் நாளே தெரியும். அதையும் சேர்த்து எழுதுங்க.”

“தெரிஞ்சேவா ஓட்டின?”

“மெக்கானிக் வர நாலு நாள் ஆகும்னாங்க. மிஷினை நிறுத்தினா டார்கெட் நிக்காது, திட்டு எனக்குத்தான். ஓட்டினேன். எப்படியும் உங்க டேபிள்ல பாஸாயிடும்னு தெரியும்.”

“என் டேபிள்லயா?” ஊசிக்கண் சிரித்தேவிட்டாள். “என் டேபிள்ல ஒரு பிசிறு தாண்டுமாடீ?”

“பிசிறு தாண்டாது. குறுக்குக் காஜா தாண்டும். ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு பீஸ்லகூட நீங்க அதைப் பாத்ததில்ல. உங்க கட்டைவிரல் அது மேலதான் இருக்கு.”

தம்பி உள்ளேயிருந்து தட்டோடு வந்தான். “ரெண்டு பேரும் முதல்ல சாப்...”

“நீ சும்மா இரு” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அவன் தட்டோடு திரும்பிப் போனான்.

“ஊருல இருக்கிறவங்களையெல்லாம் பாத்துப் பாத்துப் பாடம் எடுத்தீங்கல்ல அண்ணி? நானும் உங்களைப் பாத்து ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். எனக்கு அது போதும்.”

ஆணியில் தம்பியின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஊசிக்கண் அதை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். காலர், தோள், கை, கஃப். கை தானாகப் போனது. ஓரத் தையல், முதுகு, மறுபக்கம். கடைசியாக முன்பக்கத்தை இழுத்துப் பிடித்தாள். பிடித்தபடியே இடது கையைக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் பட்டியின் அடிமுனையில், கடைசிக் காஜாவின் மேல், முத்திரை குத்தியதுபோல் உட்கார்ந்திருந்தது. சட்டையைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்துப் பிடித்தாள். அதே இடம். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். அதே இடம். விரல் மயிரிழைகூடத் தவறவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்த இடத்தில் இருந்த எதையுமே அவள் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் தாளில் இன்னும் ஒன்றும் எழுதாமல் கம்பெனிக்குப் போனாள். நேராக அயர்ன்காரரிடம் போனாள்.

“என் கட்டைவிரல் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். “இஸ்திரி போடும்போது அங்க அழுக்கு விரல் ரேகை ஒண்ணு தெரியும். எல்லாச் சட்டையிலயும், ஒரே இடத்துல. எப்பவோ தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா? மறுநாள் பலகையில என்னைப் பத்தி எழுதுவீங்க, ‘அடுத்தவங்க கையையே பாக்கிறவன் தன் வேலையைப் பாக்க மாட்டான்’னு. எதுக்கு வம்பு?”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. சொல்லிடலாம்.”

ஊசிக்கண் டேபிளுக்குப் போய்த் தாளை விரித்தாள். தம்பி மனைவிக்குத் தெரிந்தே நடந்தது என்று எழுதினால், எந்தத் தைரியத்தில் அவள் ஓட்டினாள் என்றும் எழுத வேண்டும். அதை எழுதினால் இவ்வளவு நாள் முதுகுக்குப் பின்னால் இருந்த சிரிப்பு முகத்துக்கு நேரே வந்துவிடும். துவைத்த பிறகு வந்த குறை என்று எழுதிவிட்டால் டேபிள் தப்பிக்கும். ஆனால் வெட்டைத்தான் மெக்கானிக் காட்டிவிட்டாரே. கடைசியில் இரண்டு வரி எழுதிக்கொடுத்தாள். ‘காஜா மிஷினில் கத்தி நகர்ந்திருக்கிறது. செக்கர் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.’ தம்பி மனைவி மேல் இரக்கப்பட்டு அவள் எதையும் மறைக்கவில்லை. இரக்கப்படும் நிலைமையில் அவள் இல்லை.

கைதட்டல் அதைப் படித்தார். பாசமாக வளர்த்த நாய் கடித்துவிட்ட மாதிரி அவளைப் பார்த்தார். அன்றைக்கே கரும்பலகையைத் துடைத்து, அதில் அன்றாட டார்கெட்டை எழுதச் சொல்லிவிட்டார்.

“ரெண்டு நாள் தரேன். எல்லா பீஸும் திரும்பப் பாருங்க. அறுந்ததைத் தனியா எடுத்துக் காஜாகிட்ட குடுங்க, அவங்க கையால கட்டுத்தையல் போடட்டும். ரெண்டாவது நாள் சாயங்காலம் பார்ட்டியோட ஆளு வந்து நல்லதுன்னு சொன்னதுலருந்து எடுத்துப் பாப்பாரு. ஒரு பீஸ் அறுந்திருந்தாலும் நீங்க பிசிறு டேபிளுக்குப் போயிடுங்க.”

பிசிறு டேபிள். சின்னக் கத்தரியும் மூலையும். நாற்பத்து நான்கு வயதில்.

தம்பி மனைவிக்கு டேபிளின் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஊசி, நூல், ஒரு தட்டில் நூற்கண்டுகள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடி சன்மைக்கா.

“வசதியா இருக்கா?” என்றாள் ஊசிக்கண்.

“ரொம்ப. இங்கருந்து எல்லாமே நல்லா தெரியுது” என்றாள் தம்பி மனைவி.

ஊசிக்கண் புதுப் பிடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். பட்டியைத் தொடாமல், பக்கத்துத் துணியைச் சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் கவ்விப் பிடிப்பது. கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. துணி வழுக்கியது, விறைப்பு நிற்கவில்லை. முப்பது விநாடி வேலை ஐம்பது ஆனது. ஐம்பது விநாடி வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு நாள் சரியாகப் போதும். டீக்குக்கூட எழுந்திருக்க முடியாது. முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சுண்டுவிரல் வீங்கியது.

இரண்டாவது நாள் மத்தியானத்துக்கு மேல் தோள் கனத்தது. ஒரு சட்டையைப் பார்த்து, நல்லது என்று இடது பக்கம் வைத்தாள். வைக்கும்போது எதிரே ஏதோ மாறியது தெரிந்தது. என்ன என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: தம்பி மனைவியின் ஊசி நின்றிருந்தது. துணிக்குள் பாதி நுழைந்த ஊசி அப்படியே இருக்க, குனிந்த முகத்தில் இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி விழுந்திருந்தது.

ஊசிக்கண் இடது பக்கம் வைத்த சட்டையைத் திரும்ப எடுத்தாள். குறுக்குக் காஜா அறுந்திருந்தது. அவளுக்கே தெரியாமல் கட்டைவிரல் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது.

“பாஸ் பண்ணதை ஏன் எடுக்குறீங்க?” என்றாள் தம்பி மனைவி.

“சும்மா. பாக்கலாம்னு.”

அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த ஊசி ஒன்பது தடவை நின்றது. ஒன்பது தடவையும் ஊசிக்கண் விரலைப் பார்த்தாள், ஒன்பது தடவையும் விரல் பழைய இடத்தில் இருந்தது. இந்தக் கம்பெனியில் ஐம்பது பேர் அவளுடைய குறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இவள் ஒருத்திதான் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கண் கவிழ்ந்து விழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு. அந்தக் கன்னத்துக் குழியைவிடத் துல்லியமான செக்கரை ஊசிக்கண் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பத்தாவது தடவை தம்பி மனைவிக்கு விஷயம் பிடிபட்டது. தலையைத் தூக்கி ஊசிக்கண்ணைப் பார்த்தாள். ஊசிக்கண்ணும் பார்த்தாள்.

“என் மூஞ்சியைப் பாத்தா வேலை செய்றீங்க?”

“உன் மூஞ்சிக்கு அந்த யோகமாவது கிடைக்கட்டும்.”

அதற்குப் பிறகு அங்கே நடந்தது வேலையில்லை, சண்டை. தம்பி மனைவி ஊசியை நிறுத்தாமல் ஓட்டப் பார்த்தாள். அவசரத்தில் விரலில் குத்திக்கொண்டாள். பிறகு தந்திரத்தை மாற்றினாள். விரல் சரியாக இருக்கும்போதே வேண்டுமென்று ஊசியை நிறுத்தினாள், கன்னத்தில் குழியும் வரவழைத்தாள். ஊசிக்கண் சரியான சட்டைகளைத் திரும்பத் திரும்ப எடுத்து நேரத்தைத் தொலைத்தாள். கடிகாரம் ஓடியது. நாலு மணிக்கு மேல் எதிரே இருந்த முகத்தை நம்புவதற்கில்லை என்று ஆனது. அதன் பிறகு ஒவ்வொரு சட்டையிலும் கண்ணைத் தன் விரலின் மேல் வைத்துக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்தாள். முதலில் விரல், பிறகு காஜா, பிறகுதான் மற்றவை. பத்தொன்பது வருடமாகக் காலரில் தொடங்கியவள் அன்றைக்குத் தன் கையில் தொடங்கினாள். அயர்ன்காரர் ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு பாடமும் கேட்காமல் போனார். டீ ஆறிப்போனது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிச் சட்டை முடிந்தது. பார்ட்டியின் ஆள் வந்தார். நல்லதென்று அடுக்கியதிலிருந்து எண்பது சட்டைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவினார். ஒவ்வொன்றிலும் நேராக அடிக் காஜாவை விரித்து, விளக்கில் காட்டி, நகத்தால் நெம்பிப் பார்த்தார். ஊசிக்கண் முந்தானை முனையை முறுக்கியபடி நின்றாள். நாற்பதாவது சட்டையில் அவர் நிறுத்தினார். ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். அது வெறும் பிசிறு. ஊதித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். எண்பதும் முடிந்ததும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

கைதட்டல் பழைய உற்சாகத்துக்குத் திரும்பினார். “எல்லாரும் அக்காவுக்கு ஒரு...”

“வேண்டாம் சார்” என்றாள் ஊசிக்கண். “ஒண்ணே ஒண்ணு செய்யணும். குறுக்குக் காஜா மிஷினை அந்த மூலையிலருந்து எடுத்து என் டேபிளுக்கு எதிர்ல போடணும். என்னைப் பாத்த மாதிரி.”

தம்பி மனைவி ஸ்டூலை விட்டு எழுந்தாள். “நான் அங்க உக்கார மாட்டேன் சார்!”

“எதுக்குக்கா?” என்றார் கைதட்டல்.

“அங்க வெளிச்சம் நல்லா இருக்கு” என்றாள் ஊசிக்கண்.

வேறு சமாதானம் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு பெரிய ஆர்டர் தப்பித்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டுப் போனார்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நான்கடி இடைவெளி விட்டு நின்றார்கள். வழக்கமாக எட்டடி.

“தினமும் எட்டு மணி நேரம் என்னை முறைச்சுக்கிட்டே இருக்கணுமா உங்களுக்கு?” என்றாள் தம்பி மனைவி, சாலையைப் பார்த்து.

“நான் சட்டையைப் பாப்பேன். நீதான் என்னைப் பாக்கணும்.”

“நீங்க தப்பு பண்ணா நான் சிரிப்பேன். சொல்லிட்டேன்.”

“சிரி. சத்தமா சிரி. வாயை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள சிரிக்கிறவங்க எனக்கு அங்க நிறையப் பேரு இருக்காங்க.”

“தாளுல ஏன் எழுதல? எனக்குத் தெரியும்னு.”

“உனக்காக இல்ல.”

“அது தெரியும். நீங்க யாருக்காக என்ன செஞ்சிருக்கீங்க?”

பஸ் வந்தது. தம்பி மனைவி முந்திக்கொண்டு ஏறி, இரண்டு பேர் உட்காரும் சீட்டின் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசிக்கண் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றபடியே வந்தாள். பையை எடு என்று அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான்கு பேர் சேர்ந்து மிஷினை இழுத்தார்கள். இரும்புக் கால்கள் தரையில் கீறிய சத்தத்தில் ஐம்பது தலைகள் நிமிர்ந்தன. டேபிளுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தி, ஒயரை மாட்டினார்கள். தம்பி மனைவி வந்து, ஸ்டூலைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நேரா உக்காரு” என்றாள் ஊசிக்கண்.

“இப்படித்தான் எனக்கு வசதி.”

“அப்படி உக்காந்தா என் விரல் உனக்குத் தெரியாது.”

தம்பி மனைவி ஸ்டூலை இழுத்து நேராகத் திருப்பிக்கொண்டு, ஊசிக்கண்ணின் இடது கையை, இன்றைக்கு எத்தனை மணிக்கு மறக்கும் என்று பார்க்கிறவளைப்போல் உற்றுப் பார்த்தாள். ஊசிக்கண் முதல் சட்டையை எடுத்தாள்.